மூணு பருப்பு மல்லாட்டை

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். தானியம் வாங்குகிற முதலாளி பாய். மரக்கால் பிடித்து அளக்கிற அளவுக்காரர். மலையிலிருந்து சாமை கொண்டுவந்தவர். அவருடைய மூட்டைகளை ஏற்றி வந்த டிராக்டர் டிரைவர். அப்புறம், பாயிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான். ஆறாவது ஆள் கிடையாது. ஆறாவதாக ஒருத்தர் இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டுவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கொட்டகை கச்சிராயபாளையத்தில், மலை ஏறுகிற ரோட்டு ஓரம். இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை, லாரி இல்லை. கொட்டகைக்கு மேலே மலை ரோட்டில் மட்டும் மரம் விழவில்லை. பாயும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தோம். பாதி தூரம் சைக்கிள் மேல் நாங்கள், மீதி தூரம் எங்கள் மேல் சைக்கிள். மரத்துக்கு மரம் எனக்கு ஒரு பயம். கல் விழுமோ, போலீஸ் பிடிக்குமோ, திரும்பிப் போகும்போது இன்னும் எத்தனை மரம் விழுந்திருக்குமோ. ஒரு புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் என்னைத் தெரிந்தவர். "நீயும் ஏழாவதோட நின்ன ஆளுதான? உம் புள்ளைங்களாவது படிச்சி உத்தியோகத்துக்குப் போவணும்னுதான் இங்க குந்திக்கினு கீறோம்" என்றார். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் தூக்கினேன்.

அந்த அவசரத்தில் என் புளியங்கொட்டை டப்பாவைப் பாயின் கள்ளக்குறிச்சிக் கடையிலேயே விட்டுவிட்டேன். அந்த டப்பா எதற்கென்றால், எங்கள் பக்கம் தானியம் அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் மரக்காலுக்கு "லாபம்" என்பார் அளவுக்காரர். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. பத்து வந்ததும் மறுபடி லாபம். எத்தனை பத்து ஆனது என்பது அவர் வேலை இல்லை, என் வேலை. ஒவ்வொரு பத்துக்கும் நான் ஒரு புளியங்கொட்டையை எடுத்து நோட்டு அட்டை மேல் வைப்பேன். அளந்த தானியம் பாயின் பெரிய குவியலில் விழுந்து கலந்துவிடும். அப்புறம் அதைத் திரும்ப அளக்க வழியில்லை. கொட்டை சொன்னதுதான் கணக்கு.

டிரைவர் ஒரு பேப்பர் நிறைய மல்லாட்டை வாங்கி வந்து நடுவில் கொட்டியிருந்தார். வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதில் மூணு பருப்பு இருக்கிற நீளக் காய்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். "இந்தா, இன்னிக்கி இதுதான் புளியங்கொட்டை" என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மலைக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மகளுடைய காதுத் தோட்டை, பக்கத்துக் கடைத்தெருவில் அடகு வைத்திருந்தார். வட்டியும் முதலுமாக அறுநூற்று ஐம்பது. தவணை அந்த வாரத்தோடு முடிகிறது, மகளுக்குக் கல்யாணம் அடுத்த மாசம். "சாமைய போட்டுட்டு தோட்ட எடுத்துக்கினு மேல ஏறணுங்க" என்று வந்ததுமே சொல்லிவிட்டார். விலை மரக்காலுக்கு ஒன்பது ரூபாய் என்று பேசி முடிந்தது.

ஒன்பது என்றதும் எனக்கு வாய் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கற்று மறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"ஒம்பதால எத பெருக்குனாலும், வர்ற எண்ணை பிச்சிப் பிச்சிக் கூட்டுனா ஒம்பதுதாங்க வரும்" என்றேன்.

"முப்பத்தெட்டு" என்றார் டிரைவர்.

"முந்நூத்தி நாப்பத்திரெண்டு. மூணும் நாலும் ரெண்டும் ஒம்பது."

மலைக்காரர் சிரித்தார். "அப்ப ஒம்பது காட்டுப்பன்னி மாரி. எங்க தொரத்துனாலும் அதே சேத்துல வந்து பொரளும்."

அங்கிருந்து பேச்சு காட்டுக்குப் போய்விட்டது. அளவுக்காரர் லாபம், ரெண்டு என்று அளந்துகொண்டே இருக்கிறார், டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"மரவள்ளிக் காட்டுல பன்னி எத்தினி வரும்?"

"எண்ணக் கூடாதுப்பா. எண்ணாத வரைக்கும் கம்மி."

"கரடி?"

"கரடி நல்ல மனுசன். நீ மேல ஏறி தேனடைய எடு, நான் கீழ நிக்கறேன், பாதி பாதின்னு சொன்னா கேட்டுக்கும். பாதின்னா எவ்ளோன்னு கேக்காது. பாய்தான் கேப்பாரு."

"கரடிக்கு கணக்குப்புள்ள இல்லப்பா. எனக்கு கீறான்" என்றார் பாய், என் தோளைத் தட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரைவர் விடவில்லை. "மரத்துல பத்து கொரங்கு. ஒன்ன சுட்டுட்டேன். மீதி எத்தினி?"

"ஒம்பது" என்றார் பாய்.

"ஒன்னுமில்ல. சத்தத்துக்கு எல்லாம் ஓடிப்பூடும்" என்றேன் நான்.

மலைக்காரர் யோசித்துச் சொன்னார். "பதினொன்னு."

"எப்பிடி?"

"செத்தத பாக்க பக்கத்து மரத்துலர்ந்து ரெண்டு வரும்."

அளவுக்காரர்கூட மரக்காலைக் குவியலில் வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சிரித்தாலும் பயந்தாலும் எதையாவது மெல்வது என் பழக்கம். கை தானாகப் போய் ஒரு காயை எடுத்து உடைத்து வாயில் போட்டது. எந்தப் பக்கத்துக் காய் என்று நான் பார்க்கவில்லை.

சிரிப்பு அடங்கினதும் மலைக்காரர் வெளியே ரோட்டைக் காட்டிக் கேட்டார். "நூத்துல இவ்ளோ வேணும்னு கேக்கறாங்களே, அந்த நூற மொதல்ல யாருங்க எண்ணுனாங்க?" அளவுக்காரர் மரக்காலை மறுபடி கையில் எடுத்தார்.

அளந்து முடிந்தது. நோட்டின் மேல் ஆறு காய், கடைசியில் மூன்று மரக்கால் உதிரி. "அறுவத்தி மூணு. ஐநூத்தி அறுவத்தேழு ரூபா" என்றேன்.

மலைக்காரர் முகம் மாறியது. "வூட்டுல நானும் எம்மவளும் அளந்தோங்க. எழுவத்தி மூணு வந்துச்சி."

அளவுக்காரருக்குக் கோபம். "முப்பது வருசமா மரக்கா புடிக்கிறேன். உம் மரக்கா எந்தூரு மரக்காவோ."

பாய் என்னைப் பார்த்தார். நான் சத்தியமாகச் சரி என்று நம்பித்தான் சொன்னேன். "அஞ்சும் ஆறும் ஏழும் பதினெட்டு. ஒன்னும் எட்டும் ஒம்பது. கணக்கு சரியா கீதுங்க."

அதுதான் தீர்ப்பாகிவிட்டது. எழுபத்து மூணுக்கு அறுநூற்று ஐம்பத்தேழு வரும், அதிலும் அதே ஐந்து, அதே ஆறு, அதே ஏழு இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அதைக் கூட்டினாலும் ஒன்பதுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மலைக்காரர் தலையை ஆட்டினார். "படிச்சவங்க சொல்றீங்க. மலையில மரக்கா சின்னது போல." பணத்தை எண்ணி வாங்கித் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

பாயிடம் குறைகிற பணத்தைக் கடனாகக் கேட்டார். பாய் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பேங்க் மூடி அஞ்சி நாளாச்சிப்பா. எங்கிட்ட பஸ்ஸுக்குக்கூட காசு இல்ல. பஸ்ஸே இல்லன்றது வேற." மலைக்காரர் சரி, அடகுக் கடைக்காரரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

நான் எழுந்து கைலியை உதறினேன். மடியிலிருந்து தொலி உதிர்ந்தது. அதில் ஒன்று நீளம். எடுத்துப் பார்த்தேன். மூன்று குழி.

அவர் இன்னும் தூரம் போகவில்லை. துண்டு தெரிகிறது. ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பார். ஆனால் பத்து மரக்காலைத் தின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கணக்குப்புள்ள கீறான் என்று சொன்ன வாயாலேயே பாய் வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டால்? மலைக்காரரோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டால்? இரண்டு பிள்ளைகள், வாடகை, ஏழாவது படிப்பு. இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் துண்டு மறைந்துவிட்டது. தொலியைக் காலால் மண்ணுக்குள் தள்ளினேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். "தோடு எங்க?" என்றார் டிரைவர்.

"கடைக்காரருக்கே நல்லா கீதுன்னு வுட்டுட்டு வந்துட்டேன்."

டிரைவர் சிரிக்கவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்த மலைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பி, அந்த ஒம்பது வெளையாட்டு நல்லா கீது. மவளுக்கு சொல்லிக்குடுக்கறேன்" என்றார். அவருடைய காலிச் சாக்குகளை மடித்து டிராக்டரில் ஏற்றிக் கொடுத்தேன்.

ரோடு திறந்து, இரண்டு மாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பணத்தோடு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். இறங்கி விசாரித்து நடந்தேன். அவர் இல்லை. காப்பித் தோட்ட வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று மகள் சொன்னாள். கல்யாணம் தை மாசத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. அவள் காதில் தோடு இருக்கவேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி. நான் யார் என்று சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம்.

"ஒம்பது கணக்கு சொல்லிக்குடுத்தது நீங்கதானாண்ணா? நானும் போட்டுப் பாத்தேன். அறுவத்தி மூணுக்கும் ஒம்பது வருது, எழுவத்தி மூணுக்கும் ஒம்பதுதான் வருது. அப்ப அந்தக் கணக்கு இன்னாத்துக்குதான் ஆவும்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பணம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள்.

"சும்மா வெளையாட்டுக்கும்மா" என்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பணம் அடுத்த வாரமே சின்னவனின் காய்ச்சலுக்குப் போனது. அடுத்த வருஷம் மறுபடி போனபோது வீடு பூட்டியிருந்தது. மகளைக் கருமந்துறைப் பக்கம் கொடுத்துவிட்டார்கள், அப்பாவும் அவளோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டிரைவரும் அவரைப் பார்க்கவே இல்லை என்றார்.

சில வருஷம் கழித்து அளவுக்காரர் ஒருமுறை ஒரு விவசாயிக்கு இரண்டு மூட்டையைக் குறைத்து எண்ணிவிட்டார். நான் பயந்து பயந்து போய்ச் சொன்னேன். பாய் சிரித்தார். "சொன்னியே, அது போதும். போய்க் குடுத்துட்டு வா" என்றார். அப்போதாவது மல்லாட்டை விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது பாயும் இல்லை.

வட்டி போட்டு எவ்வளவு ஆகும் என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகை வருகிறது. மாறாதது முதல் ஒன்றுதான். பத்து மரக்கால் சாமை, மரக்கால் ஒன்பது ரூபாய். அவருக்கு நான் தரவேண்டிய பாக்கி தொண்ணூறு ரூபாய்.