நடுவில் ஒரு கம்பித்தட்டு

என் வீட்டுக்காரியின் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த ஃப்ரிட்ஜையும் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். பையைத் திறக்கவே மாட்டான். கூப்பிட்டவர்கள் பொறுமை போய், என்னப்பா தூங்கிட்டியா என்று கேட்பார்கள். ஓடறதைக் கேக்கறேங்க என்பான். கேட்டு முடித்துவிட்டுக் கை வைத்தால் கோளாறு இருக்கிற இடத்துக்குத்தான் கை போகும். சைலன்சர் என்று அவனுக்குப் பட்டப்பேர் வந்தது அப்படித்தான். வயசு நாற்பதாகிறது, இன்னும் கல்யாணம் இல்லை. அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நான் சொல்வது வழக்கம்.

நான் டைல்ஸ் போடுகிறவன். கலவையைத் தடவினோமா, வைத்து அழுத்தினோமா, அடுத்ததுக்குப் போனோமா என்று இருக்கிற ஆள். அவன் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு குளியலறை முடிந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம், ஓடாத ஃப்ரிட்ஜோடு சேர்த்து ஒரு முயலையும் அவன் தலையில் கட்டிவிட்டுப் போனது. சாம்பல் நிறம், ஒரு காது பாதியில் மடங்கியிருக்கும். உட்கார்ந்தால் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன சுமை மாதிரி இருக்கும். மூட்டை என்று பேர் வைத்தான். ஆண் முயல். கண்ட இடத்திலெல்லாம் மூத்திரம் பீய்ச்சுகிறது என்று முதல் வருஷமே டாக்டரிடம் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணிவிட்டான். மாடியில் அவனுக்கு ஒரே அறை. அதில் ஒரு கட்டில், கழற்றிப் போட்ட கம்ப்ரஸர்கள், மூட்டையின் கூண்டு. கூண்டை அவன் சாத்துவதே கிடையாது. சாயங்காலம் பூட்டில் சாவி போடுகிற சத்தம் கேட்டால் போதும், மூட்டை ஓடிவந்து அவன் காலை ரெண்டு சுற்றுச் சுற்றும். அதற்கப்புறம்தான் அவன் செருப்பையே கழற்றுவான்.

போன வருஷம் அவனுக்குக் காய்கறிக் குளிர்கிடங்கில் நிரந்தர வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரி சாமி கும்பிட்டதெல்லாம் அந்த வேலைக்காகத்தான். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். ரெண்டே மாதத்தில் மூட்டை தன் தோள் முடியைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. டாக்டரம்மா தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, தனியாக இருக்கிறதே, அதுவாக இருக்கலாம் என்றார். துணைக்கு ஒன்று வாங்கலாம், ஆனால் சேராமல் போனால் இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும், யோசித்துச் செய் என்றும் சொன்னார்.

யோசி என்று அவனிடம் போய்ச் சொன்னால் கேட்கவா வேண்டும். மூன்று வாரம் யோசித்தான்.

கிடங்கில் மூட்டைகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் ஆறு முயல் இருந்தது. எங்கிட்ட விட்டுடு, கூட்டத்தோட கூட்டமா இருக்கட்டும் என்றார். கீழ்வீட்டம்மா, முயலுக்காவது காலாகாலத்தில் ஜோடி சேர்த்துவிடு என்றார். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான். தன் பழைய போனை அலமாரி மேல் வைத்து, பகலெல்லாம் மூட்டை என்ன செய்கிறது என்று வீடியோ எடுத்தான். லீவு நாளில் உட்கார்ந்து முழுசும் பார்த்தான். பிறகு அக்காவிடம் வந்து, மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தூங்குதுக்கா, அப்புறம் போய்க் கதவுகிட்ட உக்காந்துக்குது, முடியைப் பிடுங்கறது அங்க வச்சுத்தான் என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு முயல் விஷயத்துக்கா இத்தனை அமர்க்களம்? ஃபோர்க்லிஃப்ட்காரர் வீட்டுச் சமையலறைக்கு நான்தான் டைல்ஸ் போட்டேன். நேரே போய், அவரிடம் இருந்ததிலேயே அழகான ஒரு வெள்ளை முயலை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்தேன். மச்சினன் அறையின் மாற்றுச் சாவி எங்கள் வீட்டில்தான் தொங்கும். மத்தியானம் போய்க் கதவைத் திறந்தேன். மூட்டை கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையை அதற்குள்ளேயே விட்டு, கூண்டுக் கதவைக் கொக்கி போட்டேன். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த நிமிஷம் கூண்டுக்குள் முடி பஞ்சு பஞ்சாகப் பறந்தது. மூட்டையா அது? தின்று தூங்குகிற அந்தச் சோம்பேறி, வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்தது. கையை விட்டேன், என் கட்டைவிரலையும் கடித்தது. ஒரு வழியாகப் பிரித்து எடுத்தபோது வெள்ளையின் காது ஓரம் கிழிந்து ரத்தம். போன் போட்டேன். அவன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தான்.

வந்ததும் தரையில் உட்கார்ந்தான். வெள்ளையை மடியில் வைத்துக் காதைத் துடைத்தான். இது ஆணா பெண்ணா என்று கேட்டான். நான் அதைக்கூட விசாரித்து வாங்கவில்லை. புரட்டிப் பார்த்து, பெண் என்று அவனே சொன்னான். அலமாரி மேல் அந்தப் பழைய போன் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போட்ட கூப்பாடு, உதிர்த்த கெட்ட வார்த்தை எல்லாம் அதில் இருந்தது. அதையும் அவன் முழுசாகப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"மாமா, டைல்ஸ் ஒட்டும்போது ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு பிளாஸ்டிக் வச்சு இடம் விடுவீங்கல்ல?"

"விடாம ஒட்டினா வெயிலுக்கு முட்டிக்கிட்டுத் தூக்கிரும்டா."

"கல்லுக்கே விடறீங்க."

அதோடு சரி. எனக்கு அறை வாங்கியது போல இருந்தது. இப்பவே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியை எடுத்தேன். அவன் முயலைத் தரவில்லை.

"அது என்ன தப்பு பண்ணுச்சு மாமா? ஒரு மாசம் பாக்கறேன். சேரலைன்னா இது அதோட வீட்டுக்குப் போகட்டும். நான் கிடங்கு வேலையை விட்டுட்டு மறுபடி வீடு வீடாப் போறேன். மத்தியானம் வந்து மூட்டையைப் பாத்துக்கலாம்."

முயலுக்காக வேலையை விடுவானாம். நான் நம்பவில்லை. என் வீட்டுக்காரி நம்பினாள். அவன் சொன்னால் செய்வான் என்று சொல்லிவிட்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாளே பழைய ஃப்ரிட்ஜ்களிலிருந்து கழற்றிய கம்பித்தட்டுகளை நிறுத்தி வைத்துக் கட்டி, அறையை ரெண்டாகப் பிரித்தான். ஒரு வரிசை இல்லை, ரெண்டு வரிசை. நடுவில் ஒரு சாண் இடம். இந்தப் பக்கம் மூட்டை, அந்தப் பக்கம் வெள்ளை. பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், கடிக்க முடியாது. தினமும் காலையில் இது படுத்த துணியை அதற்கும், அது படுத்ததை இதற்கும் மாற்றிப் போட்டான். முதல் வாரம் மூட்டை அந்தத் துணியைப் பார்த்தாலே பின்னங்காலால் தரையை டம் டம் என்று உதைத்தது. அவன் அவசரப்படவில்லை. அந்த அறைக்குத் தரை போட்டது நான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற கோடுகளைத்தான் அவன் அளவாக வைத்துக்கொண்டான். ரெண்டு நாளைக்கு ஒரு கல் வீதம், ரெண்டு சாப்பாட்டுத் தட்டையும் கம்பிக்குப் பக்கத்தில் நகர்த்தினான். மூட்டை தட்டை விட்டு விலகி நின்றால் மறுபடி ஒரு கல் பின்னால். நான் போட்ட தரை அப்படியெல்லாம் ஒரு வேலைக்கு ஆகும் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பேன். இன்னைக்கு எத்தனை கல்லுடா என்று கேட்பேன். விரலைக் காட்டுவான்.

பதினெட்டாம் நாள் ரெண்டும் கம்பிக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து கொத்தமல்லி தின்றன. இருபத்துமூன்றாம் நாள் ஒரு வரிசைக் கம்பியைக் கழற்றினான். மூக்கும் மூக்கும் தொட்டன. இருபத்தெட்டாம் நாள் லீவு. கையுறை போட்டுக்கிட்டு வாங்க மாமா என்று போன் வந்தது.

கீழ்வீட்டம்மாவின் துணி துவைக்கிற அறையைக் கேட்டு வாங்கியிருந்தான். ரெண்டுக்குமே அது புது இடம், இது என் எல்லை என்று எதுவும் சண்டைக்கு வர முடியாது. நான் ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். ரெண்டையும் இறக்கி விட்டான். இருபது நிமிஷம் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் மூட்டை எழுந்து வெள்ளையை நோக்கிப் போனது. நான் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு எழப் போனேன். அவன் கையைக் காட்டி உட்கார வைத்தான். மூட்டை நேராகப் போய், வெள்ளையின் மூக்குக்கு முன்னால் தலையைத் தரையோடு தரையாக வைத்துப் படுத்தது. கிழிந்து ஆறின காதோடு வெள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து மூட்டையின் நெற்றியை நக்க ஆரம்பித்தது.

நான் கையுறையோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். துவைக்கிற அறையில் ஏது தூசி என்று அவன் கேட்கவில்லை.

வேலையை அவன் விடவில்லை. மூட்டையின் தோளில் முடி முளைத்துவிட்டது. அறை நடுவில் இருந்த தட்டுகளையும் கழற்றிவிட்டான். பகல் வீடியோவில் ரெண்டு மணிக்குமேல் கதவுப் பக்கம் யாரும் இல்லை.

போன வாரம் சாயங்காலம் அவனோடு மாடிக்குப் போனேன். சாவி போட்டான், கதவு திறந்தது. யாரும் ஓடிவரவில்லை. கட்டிலுக்கு அடியில் ரெண்டும் ஒட்டிப் படுத்திருந்தன. மூட்டை ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது, அவ்வளவுதான்.

"என்ன மாப்ளே, உன்னைக் கண்டுக்கவே இல்ல."

அவன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

"அதுக்குத்தானே மாமா" என்றான்.

புல்லைத் தட்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ரெண்டும் வந்து கறுக் கறுக் என்று மென்று தின்ன ஆரம்பித்தன. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.