நிலோபரின் பெட்டி

என் மனைவி ஃபர்ஹானாவின் தங்கை நிலோபர், அருப்புக்கோட்டைக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். ஆண் கேமராக்காரர்கள் நுழைய முடியாத அறை அது. மணப்பெண் முக்காடு இல்லாமல் இருப்பாள். மாமிமார் கால் நீட்டி உட்கார்ந்து சிரிப்பார்கள். இந்தப் படமெல்லாம் எங்கே இருக்கும் என்பதுதான் ஒவ்வொரு தாயும் முதலில் கேட்பது. எங்கோ, யாருடைய கம்ப்யூட்டரிலோ என்று நிலோபரால் சொல்ல முடியாது. அதனால் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, பெரிய ஹார்டு டிஸ்க் போட்டு, இன்வெர்ட்டரில் மாட்டி, வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொண்டாள். யூடியூப் பார்த்துக் கற்றது. ஆரம்பத்தில் ஒரு டிஸ்க் செத்து, ஒரு வீட்டு மருதாணிப் படங்கள் மொத்தமாகப் போய், மணப்பெண்ணின் தாயிடம் வாங்கிய வசவை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அதற்குப் பிறகு இன்னொரு நகல் மல்லாங்கிணற்றில் அவள் மாமியார் வீட்டில் இருக்கிறது.

எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

ஷார்ஜாவிலிருந்து தோஹாவுக்கு வேலை மாறியபோது, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைப்போல, விசாவோடு சிம்மையும் விட்டுவிட்டேன். மகள் பிறந்ததிலிருந்து ஃபர்ஹானா அனுப்பிய வீடியோக்களை ஓர் இலவசக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். புதுப் போனில் திறந்தால், பழைய நம்பருக்கு வரும் எண்ணைக் கேட்டது. அந்த நம்பர் அதற்குள் வேறொருவனுடையதாகிவிட்டது. கூப்பிட்டதற்கு அரபியில் திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அந்தக் கம்பெனிக்கு நல்ல ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதியாகவில்லை என்று பதில் வந்தது. நான் நேரில் பார்க்காத மகளின் வயதெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது.

போன் நிறைந்ததும் ஃபர்ஹானா அழித்துவிட்ட அதே வீடியோக்கள் நிலோபரின் பெட்டியில் இருந்தன. கேட்க வாய் வரவில்லை. லீவில் வந்தால் மகள் என்னைத் தாண்டி 'சாச்சி' என்று அவளிடம்தான் ஓடுகிறாள். இதையும் அவளிடமே கையேந்த வேண்டுமா என்று இருந்தது. இந்த முறை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அக்கா சரின்னா எடுத்துக்கங்க மச்சான். பாதி வீடியோவுல அவ முக்காடு இல்லாம வீட்டுக் கோலத்துல இருக்கா. படத்துல இருக்கவுகளைக் கேக்காம நான் யாருக்கும் குடுக்குறதில்ல."

"நான் அவ புருஷன்."

"புருஷமாருதான் முதல்ல வந்து கேக்குறாக."

ஃபர்ஹானா சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "குடுத்துவிடாதடி. ஆறு பேரு படுக்குற ரூமுல போனைப் போட்டுட்டுக் குளிக்கப் போவாக இவுக. வேணும்னா இங்கயே உக்காந்து பாக்கட்டும்."

நான் போனை அப்படித்தான் போட்டு வைப்பேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மகள் பெயர் போட்ட இடத்தை நிலோபர் திறந்துவிட்டாள். மாதவாரியாகப் பிரித்திருந்தாள். எனக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு வராது. முதல் நடையைத் தேடிப் பிடித்தேன்.

மகள் கட்டில் காலைப் பிடித்து நிற்கிறாள். கையை விடுகிறாள். படத்துக்குப் பின்னாலிருந்து நிலோபரின் குரல்: "வா தங்கம், சாச்சிகிட்ட வா." தள்ளாடித் தள்ளாடி நேராகக் கேமராவை நோக்கி வந்து, சிரித்தபடி அதன்மேல் விழுகிறாள். படம் இருண்டுவிடுகிறது.

ஃபர்ஹானா அனுப்பிய காலத்தில், என்னிடம்தான் நடந்து வருகிறாள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது சத்தத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ரூமில் ஆட்கள் தூங்கினார்கள்.

"கிடைச்சிருச்சா?" என்றாள் ஃபர்ஹானா.

கிடைத்துவிட்டது என்றேன். இன்னொரு தடவை ஓடவிட்டேன், சத்தத்தை அடியோடு குறைத்து.