அந்தக் குரலுக்காக ஒரு ட்ரங்க் கால்

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. முள்காடாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொரு ஷெட்டாக முளைத்தது. அதில் ஒன்றில், இரும்புக் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில், எனக்கு ஃபிட்டர் வேலை. இத்தாலியிலிருந்து புது மெஷின் வருகிறது, அங்கே போய் அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மற்றவர்களெல்லாம் குடும்பஸ்தர்கள். கல்யாணம் ஆகாதவன் நான் ஒருவன்தான் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள்.

அந்தக் காரணத்தை நைனா ஒரே வாரத்தில் உடைத்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "கல்யாணம் கட்டாம அனுப்புனா, வெள்ளக்காரி ஒருத்திய இட்டாந்து நிக்க வெச்சிடுவான் இவன்" என்று சொல்லி, ஊத்துக்கோட்டைப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார். தாலி கட்டி ஒரு மாதம் ஆவதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது ரொம்பக் குறைவு. வீடு நிறைய ஆட்கள். விருந்துக்குப் போன இடத்திலும் ஆட்கள். அவள் எதையாவது கேட்க வேண்டுமென்றால் என் தங்கையிடம் கேட்பாள், தங்கை என்னிடம் கேட்பாள். இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது எனக்கும் வெட்கம், அவளுக்கும் வெட்கம். நான் கிளம்பிய அன்று வாசலில் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். டாக்சிக்காரர் ஹாரன் அடித்ததில் அது என் காதில் விழவே இல்லை. திரும்ப இறங்கிப் போய்க் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தது வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில் எனக்கு அறை. அந்த அம்மாவின் மகள் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கொஞ்சம் அவரிடம் இருந்தது. நான் மெஷின் ஷாப்பில் பொறுக்கிய இத்தாலியன் கொஞ்சம். இரண்டையும் கலந்து பேசிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. அவருக்கு எடுத்திருந்த ஓபரா டிக்கெட் வீணாகப் போகிறது, நீ வருகிறாயா என்று மகள் கேட்டார். ஓபரா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சினிமா மாதிரி இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். நான் போட்டிருந்ததைப் பார்த்து அந்த அம்மா பதறிப்போய், இறந்துபோன தன் கணவரின் கறுப்பு கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். கோட்டின் கை என் விரல் நுனி வரை தொங்கியது.

அரங்கில் எங்களுக்கு உச்சி மாடத்தில் இடம். கீழே பார்த்தால் தலை சுற்றியது. முழுக்க சிவப்பு வெல்வெட்டும் தங்க வண்ணமும். விளக்கு அணைந்ததும் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்கள் ஆரம்பித்தார்கள். நான் மைக் எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் பனைமரத்துக்குப் பனைமரம் ஸ்பீக்கர் குழாய் கட்டினால்தான் பாட்டு கேட்கும். இங்கே ஒரு மைக்கும் இல்லை. ஒரு பெண் மேடைக்கு வந்து வாயைத் திறந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பி, பக்கத்தில் நின்று பேசுவதுபோல என் காதுக்கு வந்தது.

கதை எனக்குப் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பெண் தனியாக நின்று ரொம்ப நேரம் பாடினார். கூட வந்தவர் என் பக்கம் சாய்ந்து, "கணவன் தூர தேசம் போய்விட்டான். போகும்போது அவன் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறாள்" என்று கிசுகிசுத்தார்.

எனக்கும் ஆசை வந்தது. என் மனைவி பேசியதை நானும் சொல்லிப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். அவள் முகம் உடனே வந்தது. மூக்குத்தி வந்தது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பது வந்தது. குரல் வரவில்லை. அவள் ஏதாவது ஒரு வார்த்தை சொன்ன நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று எங்கெங்கோ தேடினேன். சாப்பாடு போட்டபோது, கிணற்றடியில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது. உதடு அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. அவளுடைய குரல் மெல்லியதா கனமானதா என்பதுகூட நினைவில் இல்லை.

எனக்கு பயமாகிவிட்டது. யாரோ தெரியாத ஊர்ப் பெண்ணின் குரல் என் நெஞ்சுக்குள் இறங்குகிறது, கட்டிய மனைவியின் குரல் என்னிடம் இல்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. பெரிய கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இடைவேளையில் கூட வந்தவர் என்னவென்று கேட்டார். தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னேன்: "மனைவி. குரல். மறந்துவிட்டது." அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சனிக்கிழமை காலை எனக்கு டியூட்டி. நிலையத்துக்கு வா. ட்ரங்க் கால் போட்டு உன் ஊரைப் பிடித்துத் தருகிறேன்" என்றார்.

எங்கள் கிராமத்தில் போன் ஏது? தொழிற்சாலை ஆபீசில்தான் இருந்தது. மறுநாளே அந்த ஆபீசுக்கு ஒரு தந்தி அடித்தேன். சனிக்கிழமை மதியம் என் மனைவியை ஆபீசுக்கு வரச் சொல்லுங்கள், போனில் பேசுவேன் என்று. இத்தாலியில் காலை என்றால் ஊரில் மதியம் என்று கணக்குப் போட்டவன், தந்தி என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பதை யோசிக்கவில்லை.

சனிக்கிழமை நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரோம், லண்டன், பம்பாய், மெட்ராஸ் என்று ஒவ்வொரு ஊராகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒருமுறை மெட்ராஸ் வரை போய் அறுந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ரிசீவரை எடுத்தேன். கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து நைனா கத்தினார்.

"டேய்! உசுரோட கீறியாடா?"

"நல்லா கீறேன் நைனா."

"தந்தி வந்துக்குதுன்னு வாட்ச்மேன் சைக்கிள்ல வந்து சொன்னான். ஊடே அழுதுக்கினு கீது. உன் பொண்டாட்டி காலையிலேந்து நாஷ்டா கூட துன்னல. இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல நைனா. அவகிட்ட குடு."

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. இரைச்சல் மட்டும். "பேசும்மா, லைன் பூடும்" என்று ஆபீஸ் கிளார்க் பின்னாலிருந்து சொல்வது கேட்டது.

"இன்னாங்க" என்றாள்.

மெல்லிய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. அழுது அழுது மூக்கடைத்திருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னாங்க, கேக்குதா?"

"கேக்குது. எதுனா பேசு."

"இன்னா பேசறது? இங்க அல்லாரும் கீறாங்க."

"பரவால்ல. எதுனா சொல்லு."

"மழ பேஞ்சிக்கினே கீது. நாத்து உட்டாச்சி. உங்க நீலச் சட்டைய எலி கட்ச்சிடுச்சிங்க. நான் தச்சி வெச்சிக்கீறேன், ஒண்ணும் தெரியாது. நீங்க கோச்சிக்காதீங்க."

"கோச்சிக்கல. இன்னும் சொல்லு."

"எதுக்குங்க வரச் சொன்னீங்க? அத்த பயந்துக்கினு கீறாங்க."

பொய் சொல்ல நேரமில்லை. "உன் கொரலு எனக்கு மறந்து பூட்ச்சி" என்றேன்.

இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் ரிசீவரை வாயோடு ஒட்டிக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்கும்தாங்க. யாராண்ட போய்ச் சொல்றது?"

அதோடு அறுந்துவிட்டது.

ரிசீவரை வைக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு கூண்டுக்கு வந்தார். லைன் நிற்கிறதா என்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவி என்ன பேசினாள் என்று கேட்டார். மழை, நாற்று, சட்டையை எலி கடித்தது என்று சொன்னேன். நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் அவள் சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைக் கேட்டு அவரும் வற்புறுத்தவில்லை.

ஊர் திரும்ப மேலும் சில மாதங்கள் ஆயின. பனிக்காலம் வந்தது. மெஷின் ஷாப்பில் கம்பி இழுபடும் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் கரகரப்பு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க ஏக்கம் குறையும் என்று நினைத்தேன். அதிகம்தான் ஆனது. முன்பு எதற்காக ஏங்கினேன் என்று எனக்கே தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியபோது நைனா மாலை போட்டார், அம்மா கன்னத்தை வழித்தார். அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தவள் பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். நான் நேராக அவளிடம் போய், எல்லாருக்கும் முன்னால், "பேசு" என்றேன். வெட்கத்தில் அவள் என் தங்கையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இன்று எங்களுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு அவள் போனால் திரும்பி வர மாதக் கணக்காகும், தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் "இன்னாங்க" என்று ஒலிக்கும் வரையிலான அந்தச் சில நொடிகளில், கண்ணாடிக் கூண்டில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த அதே ஆளாகத்தான் இன்றைக்கும் நான் காத்திருக்கிறேன்.