ஏணைக்குள் அடங்காத கால்கள்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் கணவரும் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்து, பிழைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஏறாத கோயில் எல்லாம் ஏறி இறங்கிய பிறகு பிறந்தவன் என் மூத்த மகன். மிஸி, அதாவது நர்ஸம்மா, அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது முகத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். துணியை விலக்கிக் காலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு பாதங்களும் உட்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டிருப்பேன் என்றார்கள். மாசமாக இருந்தபோது கிரகணம் வந்ததா என்றே எனக்கு நினைவில்லை. ஆனால் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எல்லோருக்கும் அது நன்றாக நினைவிருந்தது. என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் அரிவாள்மனையை எடுக்கும் போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் உண்டு என்று தோட்டத்து மருந்தகத்து டிரசர் எழுதிக் கொடுத்தார். வாரா வாரம் பஸ் ஏறிப் போவேன். டாக்டர் கையால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார். மாதக்கணக்கில் அப்படிப் போட்டு, ஒருநாள் கட்டைப் பிரித்தபோது பாதம் இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல நேராக இருந்தன. அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு சின்னச் சப்பாத்து, கயிறு கட்டும் ஷூதான், இரண்டையும் சேர்த்து அடியில் ஓர் இரும்புக் கம்பி. அதை மாட்டினால் பாதம் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். குளிப்பாட்டும்போது தவிரக் கழற்றவே கூடாது, கழற்றினால் கால் பழையபடி திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதை மிஸி எனக்குத் தமிழில் சொன்னார்.

சொல்லிவிட்டார்கள். தூங்க வைக்க வேண்டியவள் நான்தானே! எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஏணையில் தூங்கி வளர்ந்தவை. உத்தரத்தில் கயிறு கட்டி, அதில் பழைய சேலையைத் தொங்கவிட்டுப் பிள்ளையைப் போட்டு ஆட்டினால்தான் கண் மூடும். மாவுக்கட்டோடும் அவன் அதில்தான் தூங்கினான். இந்தக் கம்பியோடு போட்டபோது, சேலை இரண்டு பக்கமும் இறுக்க, கம்பி குறுக்கே மாட்டிக்கொண்டு கால் இரண்டும் மேலே தூக்கி நின்றன. பிள்ளை வீரிட்டு அழுதான். தொண்டை கட்டிப்போகும்வரை அழுதான். லயத்துச் சுவர் வெறும் பலகை. இங்கே இருமினால் அந்த வீட்டில் கேட்கும். விடிவதற்கு முன்னால் பெரட்டில் பெயர் கொடுக்கப் போக வேண்டிய ஜனங்கள் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? நாத்தனாரும் பெருமூச்சை விட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

"பச்சப் புள்ளைக்கு வெலங்கு மாட்டி வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

எனக்கும் வாய் நீளம்தான். ஆனால் அன்றைக்குத் திருப்பிச் சண்டை பிடிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவன் காலைப் பார்க்கும்போது எனக்கே அது விலங்காகத்தான் தெரிந்தது.

பகலில் அவனை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போவேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா தங்கமானவர். அடிக்கத் தெரியாது, அதட்டத் தெரியாது. கொட்டகை முழுக்க வரிசையாக ஏணைகள் தொங்கும். மாலையில் நான் போகும்போது பிள்ளை சிரித்துக்கொண்டிருப்பான், காலில் சப்பாத்து இருக்கும். என்னிடம் மட்டும்தான் இந்த அழுகை அழுகிறான், நான்தான் ராசியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வெட்டுக்குப் போன பிறகு காலையிலேயே நல்ல மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை. நனைந்துகொண்டே நேராகக் கொட்டகைக்குப் போனேன். சுவர் ஆணியில் சப்பாத்து இரண்டும் கம்பியோடு தொங்கின. பிள்ளை ஏணைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். சேலையை விலக்கிப் பார்த்தேன். துணி இறுக்கியிருந்த இடத்தில் பாதம் இரண்டும் மறுபடியும் உள்ளே திரும்பிக் கிடந்தன. கையால் நேராக்கிப் பார்த்தேன். முன்போல் வரவில்லை. தினமும் விளக்கு வெளிச்சத்தில் அவசரமாகக் குளிப்பாட்டியதில் நான் இதைக் கவனிக்கவே இல்லை.

"அழுது அழுது மூச்ச அடக்கிக்கிட்டான்மா. ஏணையில போட்டதும் தூங்கிட்டான். நீ வர்றதுக்குள்ள தெனமும் மாட்டி விட்டுருவேன்லா" என்றார் அந்த அக்கா. ஏதோ எனக்கு நல்லது செய்த முகத்தோடுதான் சொன்னார்.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரைத் திட்டி என்ன? அவரும் என் பிள்ளைமேல் இரக்கப்பட்டுத்தானே அப்படிச் செய்தார்! அவனை வெறுத்தவர்கள் யாராவது செய்திருந்தால் மனசாவது ஆறியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் மாவுக்கட்டு. இன்னொரு தடவை திரும்பினால் ஆப்பரேஷன்தான், அப்போதும் முழுதாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். மறுபடியும் வாரா வாரம் பஸ். மறுபடியும் கட்டைப் பிரித்து, அதே சப்பாத்தை மாட்டிப் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். மருந்து வாங்கும் இடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கத்திய கத்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவமாக இருந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அவன் இன்னும் அதிகமாகக் கத்தினான். வீட்டுக்குப் போனால் மறுபடி அதே ஏணை, அதே பேச்சு. பேசாமல் இந்தச் சப்பாத்துச் சனியனை ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

எதிர் பெஞ்சில் ஓர் அம்மா, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். பத்தாங் காலி பக்கத்திலிருந்து வருகிறார்களாம். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ளையக் கொஞ்சம் குடு தங்கச்சி. கயித்த எதுக்கு லூசா கட்டியிருக்க?"

"அழுவுறான்க்கா..."

"லூசா கட்டுனா குதிகால் உள்ள ஏறி எறங்கி உரசும். அதான் கத்துறான். பாவம் பாத்து லூசா கட்டுறதுதான் புள்ளைக்கு வலி."

கழற்றிக் காட்டினார். குதிகால் சிவந்திருந்தது. காலுறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, குதிகாலை நன்றாக அடியில் பதியவைத்து, கயிற்றை ஒழுங்காக இறுக்கிக் கட்டினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்பியைச் சுற்றிக் கட்டினார். தூங்கும்போது அடிபடாமல் இருக்குமாம். ஏணையைப் பற்றிச் சொன்னேன். அதை முதலில் அவிழ்த்துப் போடு என்றார். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் சாரோங் கைலியை மடித்து வைக்கச் சொன்னார். ஆட்டம் இல்லாமல் தூங்கமாட்டானே என்றேன். அவர் மகளைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் நடந்து வந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பாதமும் உள்ளே மடங்கி, பாதத்தின் வெளிஓரத்தை ஊன்றி ஊன்றி நடந்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, என் மடியில் கிடந்த பிள்ளையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, அவன் பக்கமாக மெல்லத் தள்ளினாள். முழங்கால் இரண்டும் ஒன்றாக மடங்கின. இழுத்தாள், ஒன்றாக நீண்டன. தள்ளினாள், இழுத்தாள். ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்த்துத்தான் அவன் இத்தனை நாள் அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து உதைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ, அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். அவள் விடாமல் தள்ளித் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்குள் பிள்ளை அந்தச் சப்பாத்தோடு தூங்கிப்போனான்.

"இவளுக்கும் இதே சப்பாத்துதான் குடுத்தாங்க" என்றார் அந்த அம்மா. "இதோட ஏணையில படுக்க மாட்டேன்னா. கழட்டிப் போட்டுட்டு ஆட்டுனேன். நல்லாத் தூங்குனா தங்கச்சி... ரொம்ப நல்லாத் தூங்குனா."

நான் அந்தப் பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் ஏறி உத்தரத்து ஏணையை அவிழ்த்தேன். நாத்தனார் பிடித்த சண்டையை இங்கே எழுத முடியாது. பாயில் போட்டு, கம்பியைத் தள்ளித் தள்ளி இழுப்பேன். எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அழுதான். நானும் சேர்ந்து அழுதேன். கையை மட்டும் எடுக்கவில்லை. போகப் போக, பாயில் போட்டதும் தானே கம்பியைத் தூக்கித் தரையில் இடிப்பான், தள்ளிவிடச் சொல்லி. கொட்டகை அக்கா அவனுக்கென்று ஒரு மூலையில் பாய் விரித்தார். அதற்குப் பிறகு யாராவது அந்தச் சப்பாத்துக் கயிற்றில் கை வைத்துவிட்டால் போதும், அதட்டத் தெரியாத மனுஷி பத்ரகாளி ஆகிவிடுவார்.

அடுத்த வருடம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தரையில் நிற்க வைத்துக் கையை விட்டார். பாதம் இரண்டையும் தட்டையாகப் பதித்து நின்றான். இனி தூங்கும்போது மட்டும் மாட்டினால் போதும் என்றார். வெளியே வந்தபோது அதே பெஞ்சில் அந்த அம்மா. பக்கத்தில் அந்தப் பெண், முழங்கால்வரை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆப்பரேஷன் ஆகியிருந்தது.

அவள்தான் எங்களை முதலில் பார்த்தாள். "தம்பி, வா வா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நான் இவனைக் கீழே விட்டேன். அதுவரை என் கையைப் பிடிக்காமல் ஓர் அடி வைத்ததில்லை. தத்தித் தத்தி, விழப்போய், நிமிர்ந்து, அந்த நடைவழியைத் தாண்டிப் போய் அவளுடைய மாவுக்கட்டுக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அங்கே இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். அந்தப் பெண் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

அவளுடைய அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம்தான் நேராகும்னுட்டாங்க" என்றார் மெதுவாக. பிறகு, "எனக்கு அப்ப யாரும் சொல்லல தங்கச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் மகன் பின்னாளில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓடினான். ஊரே சந்தோஷப்பட்டது, நாத்தனார் உட்பட. இப்போதும் எங்கேயாவது கால் மடங்கிய கைக்குழந்தையைக் கண்டால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். இவளுக்கு என்ன வந்தது என்று முகம் சுளித்தாலும் சொல்லிவிட்டுத்தான் எழுவேன். என் பிள்ளை நேராக நடப்பதைப் பார்த்து நான் முழுதாக ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை, அதில் பாதி நடை அந்தப் பெண்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.