ரங்கநாயகியின் இன்பாக்ஸ்

அரசூர்ப் பக்கம் வால்வுகளுக்கு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில், சோதனைச் சான்றிதழ்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வேலை ரங்கநாயகிக்கு. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை. ஆரம்பத்தில் ஒருமுறை, பழசென்று நினைத்து அவர் அழித்த மெயிலில் வரைபடத் திருத்தம் இருந்துவிட்டது. பழைய அளவிலேயே வார்த்துவிட்ட இருநூற்று நாற்பது வார்ப்புகளை உடைத்து மறுபடி உருக்கினார்கள். யாரும் திட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு மெயிலையும் தொட்டதில்லை. வந்தது வந்தபடி கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் தனபால் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல புனேக்குப் போன வால்வு பாடி ஒண்ணு விரிசல் உட்டிருக்குதாமாங்க. மூணு மணிக்கு அவங்க இன்ஸ்பெக்டர் வாராரு. அந்த சர்ட்டிபிகேட்ட எடுத்து வெச்சிருங்க."

தேடினார். வட்டம் சுற்றிச் சுற்றித் திரை வெளுத்து நின்றது. மூன்று முறை மூடித் திறந்தும் அதே கதை. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் இல்யாஸைக் கூப்பிட்டார்.

"அக்கா, அறுபத்தோராயிரம் மெயிலும் ஒரே இன்பாக்ஸ்ல கெடக்குதுங்க. எப்படித் தேடும்? வருசத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு நகத்துங்க."

"நகத்துனா போயிராதுங்களா?"

"அழிக்கறது வேறங்க, நகத்தறது வேறங்க."

அவர் போன பிறகு ரங்கநாயகி ஆயிரம் ஆயிரமாக நகர்த்தினார். மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. ஒன்றரை மணிக்கு, வரிசையில் 2019 ஃபோல்டரைக் காணோம். நான்காயிரம் மெயில்கள். இல்யாஸுக்குப் போன் போட்டார்.

"பத்தொம்பது போயிருச்சுங்க."

"எதையும் அமுக்காதீங்க. பதினெட்டுக்கு முன்னால சின்னதா ஒரு அம்புக்குறி இருக்குதுங்களா? அத விரிச்சுப் பாருங்க."

விரித்தார். கை தவறி இழுத்ததில் 2019 ஃபோல்டர் 2018-க்குள் போய் உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்துத் தேடியதும் இரண்டே நொடியில் மெயில் வந்தது. ஆனால் இணைப்பைத் திறந்தபோது எண் மாறியிருந்தது. அந்த வால்வுக்கு உருக்கிய இரும்பின் எண் 4471; அதற்குப் பதில் 4417-இன் சான்றிதழை அனுப்பியிருந்தார். ஆய்வகம் தந்த சரியான சான்றிதழும் அதே ஃபோல்டரில் இருந்தது. திறந்தே பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்.

இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு தனபாலின் அறைக்குப் போனார்.

"நாந்தானுங்க மாத்தி அனுப்பிப்போட்டேன்."

தனபால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டார். "இன்ஸ்பெக்டர்ட்ட நீங்களே சொல்லிருங்க," என்றார்.

சொன்னார். இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த பத்து நாள் ரங்கநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே புனேயோ என்று பதறினார். கடைசியில் முடிவு வந்தது. இரும்பில் குறையில்லை, புனேயில்தான் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். இருந்தாலும் சான்றிதழ் மாறியதற்கு ரங்கநாயகிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் மெயில்களைப் பிரிக்கிறார். நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்கிறார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறார்.