லாச்சியில் வளர்ந்த பிள்ளை

கண்டி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த என்னைப் பச்சைக் குழந்தைகளின் வாட்டுக்கு மாற்றியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டியில் அப்போது மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. துவைத்த துணி எதுவும் காயாது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே ஈரத்தைப் போக்குவோம். அந்தச் சூட்டோடு துணியைச் சுற்றினால், வீறிட்டுக்கொண்டிருக்கும் குழந்தை சட்டென்று அடங்கி, எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல முகம் காட்டும். அந்த முகத்துக்காகவே நான் காலையில் நேரத்தோடு வேலைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறிப்பவள். வந்த அன்றே ஏழாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மூன்று றாத்தல் எடைகூட இல்லை. அழவும் தெம்பில்லாமல் பூனைக்குட்டிபோல முனகியது.

அலுமாரியிலிருந்து இழுப்பறை லாச்சி ஒன்றை உருவி எடுத்து, பஞ்சு பரப்பி, இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து அதில் கிடத்தினேன். "சூடு குறைய விடாதீர்" என்றார் டொக்டர்.

சூட்டை என்னால் காக்க முடிந்தது. பாலுக்குத்தான் வழியில்லை. தாய்க்குச் சுரக்கவில்லை. பசுப்பாலில் தண்ணீர் கலந்து, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கக்கியது. இரண்டாம் நாள் உதடு நீலம் பாரித்தது. உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி மூச்சை வரவழைத்தேன்.

தாயின் பக்கத்துக் கட்டிலில் அக்குறணை முஸ்லிம் கடைக்காரர் ஒருவரின் மனைவி. கொழுகொழுவென்று ஓர் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். நான் பட்ட பாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மிஸி, எனக்குப் பால் கொள்ளயா ஈக்கி. அந்தப் புள்ளக்கிக் குடுக்கட்டா? எதுக்கும் அவரிட்ட ஒரு சொல்லுக் கேக்கோணும்."

அவளிடம் கேட்க எனக்கு வாய் வராமல் இருந்தது. அவளே கேட்டுவிட்டாள்.

பின்னேரம் கணவர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா?"

"பொம்பிளைப் பிள்ளை."

"அப்ப அது எண்ட மகனுக்குத் தங்கச்சி. குடுக்கச் செல்லுங்க."

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரே தாயின் பால் குடித்த பிள்ளைகள் அவர்கள் மார்க்கத்தில் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள், பிறகு அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

தோட்டத்துத் தாயிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "யாரு புள்ளைன்னு அவங்களுக்குத் தெரியுமா மிஸி?"

"எல்லாம் தெரியும்."

தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பினாள். கடைக்காரர் மனைவியோ, பார்க்காததுபோல மகனின் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

கொதிதண்ணீரில் போட்டு எடுத்த கோப்பையில் அவள் பீய்ச்சித் தருவாள். இரண்டு மணிக்கொரு தடவை நான் சொட்டு விடுவேன். அவள் பால் கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் குழந்தை கக்கவில்லை. ஆறாம் நாள் குழாயின் நுனியை உறிஞ்சியது. "உறிஞ்சுது" என்று நான் சொன்னபோது இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். கடைக்காரர் மனைவி வீட்டுக்குப் போகும் நாளுக்குள் காய்ச்சல்காரிக்கும் பால் ஊறத் தொடங்கியிருந்தது. பிறகும் ஒரு மாதம் அந்தப் பிள்ளை எங்கள் லாச்சியில் வளர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தாய் தோட்டத்துக்குப் புறப்பட்ட பிறகு, வெறும் லாச்சியை அலுமாரியில் திரும்பச் செருக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று வருஷம் கழித்துக் கண்டிக் கடைத்தெருவில் யாரோ என் சேலையைப் பிடித்தார்கள். அக்குறணைக்காரி. இடுப்பில் மகன்.

"தங்கச்சி எப்பிடி ஈக்கா?" என்றாள்.

விசாரித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அந்தத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் மருந்துக்கார ஐயாவிடம் விசாரித்தேன். அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது என்றார். போகும்போது பிள்ளை தாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டு போனதாம்.

அக்குறணைக்குப் போகும் பஸ்காரரிடம் அந்தச் செய்தியைச் சொல்லி அனுப்பினேன்.