ஒரு வாய் மட்டும்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கயல் திரும்ப மாட்டாள். ஒன்றரை வயதில் அதை முதலில் கவனித்தவள் என் மகள் மலர். நான் குழந்தையின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். பேத்தி ஒரு டம்ளர் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். நின்றதும் மறுபடி சுழற்றினாள்.

"காது நல்லாத்தான் கேட்குது. பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வர்றாளே? நம்ம வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுனோம்" என்றேன்.

முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன் சொன்னதை மகள் நம்பினாள். அந்தப் பேச்சில் இன்னும் ஒன்றரை வருடம் போனது.

தஞ்சாவூரில் குழந்தை மருத்துவர் ஒரு மணி நேரம் கயலை விளையாடவிட்டுப் பார்த்தார். ஆட்டிசம் என்றார் (மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு; பேச்சு, பழக்கம், ஒலி, ருசி எல்லாவற்றையும் குழந்தை வேறு விதமாக உணரும் நிலை). "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?" என்று கேட்டார். மலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் வீடு திருவையாற்றுக்குப் பக்கம். மருமகன் கத்தாரில் இருக்கிறார். மலருக்குத் தபால் ஆபீஸில் வேலை. மனைவி காலமான பிறகு நான் மகளோடுதான் இருக்கிறேன். ஆகவே வாரத்தில் மூன்று நாள் கயலைத் தஞ்சாவூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவதும், மதியம் சோறு ஊட்டுவதும் என் வேலை.

அப்போது அவள் தன் கையைக் கடித்துக்கொள்வாள். கட்டைவிரலின் அடிச்சதை காய்த்துப் போயிருந்தது. மையத்தில் நடத்தைப் பயிற்சி கொடுத்தவர் நஸ்ரீன், அதிராம்பட்டினத்துப் பெண் (நடத்தைப் பயிற்சி என்றால், ஒரு செயலைக் குழந்தை எதற்காகச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அதே தேவைக்கு வேறு வழியைப் பழக்குவது). அவர் இரண்டு வாரம் வெறுமனே பார்த்தார். பிறகு சொன்னார்: "சார், பிடிக்காதது கிட்ட வந்தா கடிக்கிறா. கடிச்சா நீங்க எடுத்துடுறீங்க. அவளுக்கு வேற வார்த்தை இல்ல."

ஒரு வார்த்தை கொடுத்தார். உள்ளங்கையை நீட்டித் தடுப்பது போல் ஒரு படம், கீழே 'வேண்டாம்' என்று எழுத்து. கயல் அந்த அட்டையைக் கொடுத்தால் எதிரில் இருப்பதை உடனே எடுத்துவிட வேண்டும். "ஒரு வாய் மட்டும்னு பேரம் பேசக்கூடாது சார். இது ரொம்ப முக்கியம்" என்றார். நான்காவது வாரம், மலர் வைத்த ரசம் சாதத்தைப் பார்த்துக் கயல் அட்டையை நீட்டினாள். மலர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். கையில் காயம் ஆறத் தொடங்கியது.

இனி என் பிழை.

என் அப்பா பிறர் வயலில் கூலிக்கு அறுத்தவர். கூலி நெல்லாக வரும். வராத நாட்களும் உண்டு. எங்கள் வீட்டில் சோற்றைப் பார்த்து யாரும் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. வயிறு சரியில்லை என்றாலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு 'போதும்' என்போம். நான் வாத்தியாராகி, நிலம் வாங்கி, வீட்டில் மூட்டை அடுக்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பொங்கலன்று புத்தரிசிப் பொங்கலை முதலில் கயலுக்கு வைத்தோம். அவள் அட்டையை நீட்டினாள். என் அக்கா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஏண்டா தம்பி, வாத்தியார் வீட்டுப் புள்ளைக்கு முதமுதல்ல சொல்லிக்குடுத்த வார்த்தை இதுதானா? அப்பா இருந்தா உன்னைப் பிரம்பால அடிச்சிருப்பாரு" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் வேறு அட்டை செய்தேன். படம் அதேதான், கீழே 'போதும்' என்று எழுதினேன். மலர் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான்பா இருக்கு" என்றாள். மதியத்தில் நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. கயல் அட்டையை நீட்டுவாள். நான் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தட்டை எடுப்பேன். போதும் என்றால் அதுதானே முறை?

கயலுக்கு எழுத்து தெரியாது. அவள் வரையில் அட்டை மாறவில்லை. மாறியது என் கை.

இரண்டு வாரத்தில் அட்டையை நீட்டுவதை நிறுத்தினாள். மறுபடி கடித்தாள், முன்பைவிட ஆழமாக. ஒருநாள் என் கையையும் கடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே இப்போதும் தழும்பு இருக்கிறது.

மையத்தில் தந்த தாளில் மூன்று கட்டங்கள்: முன்னால் நடந்தது, குழந்தை செய்தது, பின்னால் நடந்தது. தினமும் அதை நான்தான் நிரப்பினேன். முதல் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

நஸ்ரீன் கேட்டார்: "மதியம்தான் கடிக்கிறா சார். முன்னால என்ன நடந்துச்சுன்னா, எல்லா நாளும் தெரியலைனு இருக்கு. பரீட்சை ஹால்ல துண்டுச்சீட்டு பிடிச்சவரு நீங்க. இது மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?"

"காது வலியா இருக்குமோ என்னவோம்மா" என்றேன்.

காதைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கையில் புண் சீழ் வைத்ததும் மருத்துவர் கடிக்கும் ஆவேசத்தைத் தணிக்கும் மருந்து எழுதினார். அவர் மேல் தவறில்லை. என் தாளைப் படித்தவர் வேறென்ன செய்வார்?

மருந்துக்குப் பிறகு கயல் மதியத்தில் சொக்கிக் கிடந்தாள். மூடி சுழற்றுவதும் நின்றது. ஒருநாள் சோற்றை உருட்டி உதட்டருகே கொண்டுபோனேன். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். தட்டு காலியான பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லாதது போல் இருந்தது.

அன்று மாலை மலர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அவகிட்ட இருந்தது ஒரே ஒரு வார்த்தைப்பா" என்றாள். பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நஸ்ரீன் பழைய அட்டையோடு முதலிலிருந்து தொடங்கினார். முன்பு நான்கு வாரத்தில் வந்தது இந்த முறை ஏழு மாதம் எடுத்தது. இப்போது கயல் மலரிடம் அட்டை கொடுக்கிறாள், நஸ்ரீனிடம் கொடுக்கிறாள். என்னிடம் கொடுப்பதில்லை. நான் தட்டோடு வந்தால் கை வாய்க்குப் போகும். ஆகவே தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஐந்தாறு அடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். தட்டு உரசும் சத்தத்தில்தான் அவள் சாப்பிடுவது தெரியும்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள். மையத்துத் தாளின் அந்த முதல் கட்டத்தில் பெரும்பாலும் நாம்தான் இருப்போம். நடந்ததை அப்படியே எழுதிவிடுங்கள். வெட்கமாக இருந்தாலும் எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என் பகல்கள் மணி அடித்தால் முடியும். இப்போது மதியம் எப்போது முடியும் என்று கயல்தான் சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் என் வலது கையை அவளுக்குத் தெரியும்படி மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் தட்டு எதுவும் இல்லாத நேரம். அவள் ஜன்னலோரம் மூடி சுழற்றிக்கொண்டிருந்தாள். என்னையறியாமல் அவளுக்கு வெகு அருகில் உட்கார்ந்துவிட்டேன். மூடி நின்றது. இடுப்பில் அட்டைகள் மாட்டியிருக்கும் வளையத்தில் எதையோ தேடினாள். மல்லாந்திருந்த என் உள்ளங்கையில், தழும்பின் மேல், அட்டையை வைத்தாள்.

வேண்டாம்.

சோறு இல்லை, தண்ணீர் இல்லை. எதிரில் இருந்தது நான் மட்டும்தான். இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் போல் இருந்தது. உடனே எழுந்து போய்விட்டேன். பின்னால் மூடி மறுபடி சுழலும் சத்தம் கேட்டது.